கார்டிகன் பிரபு பலாக்லாவாவில் தம் கடமையைச் செய்தாரா?

வேம்படி:

அனைவருக்கும் வணக்கம். முன்பக்கம் பொத்தான் வைத்த கம்பளி மேற்சட்டைக்குப் பெயர் கொடுத்தவர் என்பதற்கு மேல், ஏழாம் கார்டிகன் பிரபுவான ஜேம்ஸ் புருடெனலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாதிருந்தது. இரண்டு வாரமாக அவருடைய வாழ்க்கையைப் படித்து வருகிறேன். ஒரு கேள்வி மட்டும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியாவில் பலாக்லாவா துறைமுகத்துக்கு வடக்கே இருந்த பள்ளத்தாக்கில், பிரிட்டிஷ் லைட் பிரிகேட் என்ற இலகுரகக் குதிரைப்படை அணியைச் சேர்ந்த ஏறத்தாழ 670 குதிரைவீரர்கள், எதிரிலும் இரு பக்கக் குன்றுகளிலும் ரஷ்யப் பீரங்கிகள் வாய் திறந்து நின்ற ஒரு பொறிக்குள் ஒன்றேகால் மைல் தூரம் ஓட்டிச் சென்றார்கள். அவர்களுக்கு முன்னால் தன்னந்தனியாக, ரொனால்டு என்ற செம்பழுப்புக் குதிரையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்தபடி, ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்காமல் போனவர் கார்டிகன். 57 வயது முடிந்து ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. அந்த அணியில் இருந்த 17ஆவது லான்சர்ஸ் என்ற ஈட்டிக் குதிரைப்படைப் பிரிவின் கேப்டன் ஒயிட், குண்டுமழையிலிருந்து சீக்கிரம் வெளியேறிவிடலாம் என்று குதிரையைத் தட்டிவிட்டு முன்னேறியபோது, தலைவனுக்கு முன்னால் ஓட்டக்கூடாது என்று தம் வாளை அவர் மார்புக்குக் குறுக்கே நீட்டித் தடுத்திருக்கிறார். இதுவரை எனக்கு அவர்மேல் குறையில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் கேள்வி. பீரங்கிகளுக்கு இடையே புகுந்து மறுபக்கம் போனவர், அங்கே கசாக்கியர்கள் என்ற ரஷ்யத் தரப்புக் குதிரைவீரர்களிடம் சிக்கி, லண்டன் விருந்துகளில் தம்மைப் பார்த்திருந்த ரட்சிவீல் என்ற ரஷ்யத் தரப்பு இளவரசரின் கண்ணில் பட்டு, உயிரோடு பிடிக்க வந்தவர்களிடமிருந்து காலில் சிறு ஈட்டிக் காயத்தோடு தப்பி, நேராகத் திரும்பி வந்துவிட்டார். அந்த நேரத்தில் அவருடைய பிரிகேடின் பின்வரிசைகள் புகைக்குள் போரிட்டுக்கொண்டிருந்தன. அவர்களைத் திரட்டவும் திரும்பச் சொல்லவும் அங்கே அவர் இல்லை. ஒரு பிரிகேடின் தலைவருக்கு இது கடமை தவறியதாகாதா? ஆகும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கோட்டைவாசல்:

வேம்படி அவர்களுக்கு வணக்கம். இருபத்திரண்டு ஆண்டுகள் படையில் இருந்து வெளியே வந்தவன் என்ற முறையில் மாறுபடுகிறேன்.

அந்த நாளின் தவறு எங்கே தொடங்கியது என்பதை விட்டுவிட்டு, கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் ஒருவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியல்ல. குன்றின் மேலே நின்ற தலைமைத் தளபதி ராக்லன் பிரபுவுக்குத் தெரிந்தது, காஸ்வே மேடுகளில் பிரிட்டனின் கூட்டாளிகளான துருக்கியர்களிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை ரஷ்யர்கள் இழுத்துச் செல்லும் காட்சி. பள்ளத்தில் நின்ற குதிரைப்படைத் தலைவர் லூக்கன் பிரபுவுக்கு அந்த மேடும் தெரியவில்லை, அந்தப் பீரங்கிகளும் தெரியவில்லை. ராக்லன் சொல்ல, ஜெனரல் ஏரி எழுதிய நான்காவது உத்தரவுச் சீட்டில், முன்னேறிச் சென்று எதிரி பீரங்கிகளைக் கொண்டுபோகாமல் தடுக்க வேண்டும் என்று இருந்ததே தவிர, எந்தப் பீரங்கிகள் என்று இல்லை. சீட்டைக் கொண்டுவந்த கேப்டன் நோலனிடம் லூக்கன் அதைக் கேட்டபோது, அவர் கையைப் பள்ளத்தாக்கின் பக்கம் வீசி, அதோ உங்கள் எதிரி, அதோ உங்கள் பீரங்கிகள் என்ற பொருளில் எரிச்சலோடு பதில் சொன்னார். லூக்கனும் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கார்டிகன் விசாரித்தார் என்பதை நீங்கள் குறிப்பிடவில்லை. முன்னால் ஒரு பீரங்கி வரிசையும் இரு புறமும் பீரங்கிகளும் துப்பாக்கிக்காரர்களும் இருப்பதை அவர் லூக்கனிடம் எடுத்துச் சொன்னார். தெரியும், ஆனாலும் ராக்லனின் விருப்பம் அதுதான் என்று பதில் வந்தது. வாளைத் தாழ்த்தி வணக்கம் செய்துவிட்டுத் தம் இடத்துக்குப் போனார். கீழ்ப்படிய வேண்டிய இடத்தில் இருந்த மனிதர் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் உண்டு. லூக்கன் வேறு யாரோ அல்ல, கார்டிகனின் தங்கை ஆனைக் கட்டியவர். அந்தத் திருமணம் கசந்திருந்தது. மைத்துனர்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசாத நிலையில் ஒருவருக்குக் கீழ் ஒருவராக அவர்களை அமர்த்தியது லண்டன். சம்பந்தி வீட்டுப் பகையை ஒரே கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கீழே இருந்தவரை மட்டும் கேள்வி கேட்பது என்ன நியாயம்?

பழுப்பேடு:

இரண்டு பேருமே 1854இல் நிற்கிறீர்கள். அந்த மனிதர் அந்தக் குதிரையின் மேல் எப்படி ஏறினார் என்பதைப் பார்க்காமல் இதற்கு விடை கிடைக்காது என்று நினைக்கிறேன்.

அக்காலப் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் அதிகாரிப் பதவி ஒரு சொத்து. விலை கொடுத்து வாங்கலாம், விலகும்போது விற்கலாம். அரசு நிர்ணயித்த விலைப்பட்டியலே இருந்தது. சாதாரணக் குதிரைப்படைப் பிரிவில் கடைநிலை அதிகாரியான கார்னெட் பதவிக்கு 840 பவுன், லெப்டினண்ட் பதவிக்கு 1,190, கேப்டனுக்கு 3,225, மேஜருக்கு 4,575, லெப்டினண்ட் கர்னலுக்கு 6,175. அடுத்த படிக்குப் போகிறவர் தம் பழைய பதவியை விற்று வந்த பணத்தோடு வித்தியாசத்தைக் கட்டினால் போதும். பட்டியல் விலைக்கு மேல் கைமாறிய பணம் சட்டப்படி குற்றம். ஆனாலும் எல்லோரும் கொடுத்தார்கள். நம் ஊரில் பத்திரப் பதிவில் ஒரு தொகையும் கையில் ஒரு தொகையும் கொடுக்கிற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பீரங்கிப் படையிலும் பொறியாளர் படையிலும் மட்டும் இந்த விற்பனை கிடையாது. கணக்குத் தெரியாதவன் பீரங்கி சுட்டால் குண்டு தன் ஆட்கள் மேலேயே விழும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

புருடெனல் 1797இல் பிறந்தவர். அவர் 8ஆவது ஹுஸார் என்ற இலகுரகக் குதிரைப்படைப் பிரிவில் கார்னெட்டாகச் சேர்ந்தது 1824இல், 26 வயதில். மற்றவர்கள் பதினாறு பதினேழு வயதில் சேர்கிற வேலை இது. ஆறே ஆண்டுகளில், 1830 முடிவதற்குள் லெப்டினண்ட் கர்னல் ஆகிவிட்டார். 1832இல் 15ஆவது ஹுஸார் பிரிவின் தலைமை கைக்கு வந்தது. அதுவரை ஒரு போரையும் அவர் கண்ணால் பார்த்ததில்லை. கிரிமியாவுக்குப் போகும் வரையிலும் பார்க்கவில்லை.

15ஆவது ஹுஸாரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே பல ஆண்டு அனுபவம் பெற்றிருந்த கேப்டன் வாதன் என்பவரோடு, வீரர்களுக்குக் கொடுத்த லாயச் சட்டைகள் பற்றி ஒரு சில்லறைத் தகராறு. அதை வளர்த்து இராணுவ நீதிமன்றம் வரை கொண்டுபோனார் புருடெனல். விசாரணையில், அதிகாரிகளோடு தாம் பேசும் பேச்சுகளை அவர்களுக்குத் தெரியாமல் எழுதிக்கொள்ள ஆள் வைத்திருந்தது வெளிப்பட்டது. வாதன் 1834 தொடக்கத்தில் விடுதலையானார். புருடெனல் தலைமைப் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். வேறு யாராக இருந்தாலும் படை வாழ்க்கை அதோடு முடிந்திருக்கும். இவருடைய சகோதரி ஒருவர் ராணி அடிலெய்டின் அரண்மனை அதிகாரியான ஹௌ பிரபுவின் மனைவி. குடும்பம் முழுவதும் அரண்மனை வாசலில் காத்துக் கிடந்தது. இரண்டே ஆண்டில், 1836இல், 11ஆவது லைட் டிராகூன் பிரிவின் தலைமை கிடைத்தது. அதற்குப் பெரும் தொகை கைமாறியதாகச் சொல்லப்படுவதுண்டு. மறு ஆண்டு தந்தை இறந்து, பட்டமும் நார்தாம்ப்டன்ஷயரில் டீன் பார்க் மாளிகையும் பெரும் நில வருமானமும் வந்து சேர்ந்தன.

ஒரு ரெஜிமெண்டைத் தோட்டம் துரவு போல வாங்கியவர், அதைத் தோட்டம் துரவு போலத்தான் நடத்துவார். இதில் அவரைத் தனியாகக் குற்றம் சொல்வதை விட, விற்ற கடையைத்தான் கேட்க வேண்டும்.

மழைக்காகம்:

பழுப்பேடு ஐயா சொல்வதில் பாதியைத்தான் ஏற்க முடிகிறது. அதே கடையில் வாங்கியவர்தான் ஆர்தர் வெலஸ்லியும். 24 வயதில், அண்ணன் கொடுத்த பணத்தில், 33ஆவது காலாட்படைப் பிரிவின் லெப்டினண்ட் கர்னல் ஆனவர், அந்தப் பிரிவோடு சென்னைக்கு வந்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் நின்று, பிறகு வெலிங்டன் கோமகன் ஆனார். ஒரே கடை, ஒரே சரக்கு, ஆள்தான் வேறு. வெலஸ்லி தாம் வாங்கிய வேலையைக் கற்றுக்கொண்டார். கார்டிகன் வாங்கியதோடு சரி.

11ஆவது பிரிவு அப்போது இந்தியாவில் இருந்தது. 1826இல் பரத்பூர் கோட்டையைப் பிடித்த படையில் அதுவும் ஒன்று. அங்கே ஆண்டுக்கணக்காக வெயிலிலும் காய்ச்சலிலும் கிடந்த அதிகாரிகள்தான் அதன் முதுகெலும்பு. 1837இல் கான்பூர் வந்து சேர்ந்த புதுத் தலைவர் சில வாரம் மட்டும் இருந்துவிட்டுத் திரும்பிப் போனார். பிரிவு இங்கிலாந்து திரும்பிய பிறகு, இந்தியாவில் பணி செய்த அதிகாரிகளை அவர் நடத்திய விதம் தாங்க முடியாதது. அவர் கண்ணில் அவர்கள் பணமில்லாதவர்கள், நாகரிகமில்லாதவர்கள். வெயில் தேசத்தில் பழகிப்போன போர்ட்டர் பீர் குடிப்பதை உணவுக்கூடத்தில் தடை செய்தார்.

1840 மே மாதம் கேன்டர்பரியில், பிரிவைப் பார்வையிட வந்த ஜெனரலுக்கு விருந்து. விருந்தாளி ஒருவர் மோசல் ஒயின் கேட்கிறார். கேப்டன் ஜான் ரெனால்ட்ஸ் வரவழைக்கிறார். பணியாள் அதைக் கண்ணாடிக் குடுவையில் ஊற்றாமல், வந்தபடியே கறுப்புப் புட்டியோடு மேசையில் வைத்துவிடுகிறான். தூரத்தில் உட்கார்ந்திருந்த கார்டிகனின் கண்ணுக்கு அது பீர்ப் புட்டி. மறுநாள், உணவுக்கூடத்தைச் சாராயக்கடை ஆக்காதீர்கள் என்ற பொருளில் ரெனால்ட்ஸுக்கு ஆள்மூலம் கண்டனம் வருகிறது. அது ஒயின்தான் என்று தெரிந்த பிறகும் பின்வாங்கவில்லை. ரெனால்ட்ஸைக் காவலில் வைத்தார். அதே ஆண்டில், அதே குடும்பப் பெயர் கொண்ட இன்னொரு கேப்டன் ரெனால்ட்ஸ் இவருடைய அவமதிப்பு பொறுக்காமல் கடுமையான கடிதம் எழுதப்போய், இராணுவ நீதிமன்றத்தில் பதவி இழந்தார். நாடகக் கொட்டகைக்குள் கார்டிகன் நுழைந்தால் மக்கள் கூச்சலிட்டு ஊளையிடும் நிலை வந்தது. ‘கறுப்புப் புட்டி’ என்று தெருவில் கத்தினார்கள்.

1841இல் ஈஸ்டர் ஞாயிறன்று, தேவாலய வழிபாடு முடிந்த கையோடு, வீரர்களை அங்கேயே நிறுத்தி வைத்து ஒருவனுக்குச் சவுக்கடி கொடுக்கச் செய்தார். நாடாளுமன்றம் வரை பேச்சு எழுந்தது. இதையெல்லாம் எந்தக் கடையும் விற்கவில்லை.

வேம்படி:

மழைக்காகம் சொன்ன கறுப்புப் புட்டிக்குத் தொடர்ச்சியாக ஒரு துவந்த யுத்தமும் பிரபுக்கள் சபையில் விசாரணையும் நடந்ததாகப் படித்தேன். பெயர்ப் பிழையால் விடுதலை என்கிறார்கள். அது எப்படி என்று எனக்கு முழுமையாக விளங்கவில்லை. பெஞ்ச் கிளார்க் ஐயா இந்தப் பக்கம் வருவாரா?

பெஞ்ச் கிளார்க்:

அழைத்தமைக்கு நன்றி. நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு பணி செய்தவனுக்கு இந்த வழக்கைப் போலச் சுவையானது வேறில்லை.

11ஆவது பிரிவிலிருந்து விலகிய டக்கெட் என்ற கேப்டன், ‘ஒரு பழைய சிப்பாய்’ என்ற பெயரில் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். சக அதிகாரிகளை அவமதிக்கும் கார்டிகன், தமது பதவிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அவர்களுக்குச் சமமாக நிற்க மறுக்கிறார் என்பது அதன் சாரம். எழுதியவர் யார் என்று கண்டுபிடித்து கார்டிகன் சவால் விட்டார். 1840 செப்டம்பர் 12 மாலை, லண்டனுக்கு அருகே விம்பிள்டன் காமன் என்ற பொதுவெளியில் இருவரும் கைத்துப்பாக்கியோடு நின்றார்கள். முதல் குண்டுகள் இரண்டும் வீண். இரண்டாம் முறை டக்கெட்டுக்குக் காயம். பக்கத்துக் காற்றாலைக்காரர் மேலேயிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். அவர் அந்த ஊர்க் காவலரும் கூட. ஓடிவந்து எல்லோரையும் பிடித்துக்கொண்டார்.

கொலை நோக்கத்தோடு சுடுவது அன்றைய சட்டப்படி கடுமையான குற்றம். கார்டிகன் பிரபு ஆதலால், அவரைச் சக பிரபுக்களே விசாரிக்க வேண்டும் என்பது முறை. 1841 பிப்ரவரி 16 அன்று பிரபுக்கள் சபை நீதிமன்றமாகக் கூடியது. டென்மன் பிரபு தலைமை. அரசுத் தரப்பில் அட்டர்னி ஜெனரல் சர் ஜான் காம்பெல். எதிர்த்தரப்பில் சர் வில்லியம் ஃபாலெட்.

இனிதான் விஷயம். குற்றப்பத்திரிகையில் காயம்பட்டவரின் பெயர் ஹார்வி கார்னெட் பிப்ஸ் டக்கெட் என்று முழுமையாக இருந்தது. சாட்சிக்கு வந்த காற்றாலைக்காரரிடம் இருந்தது, சம்பவ இடத்தில் பெற்ற முகவரிச் சீட்டு. அதில் கேப்டன் ஹார்வி டக்கெட் என்று மட்டும் இருந்தது. அந்த ஹார்வி டக்கெட்தான் இந்த ஹார்வி கார்னெட் பிப்ஸ் டக்கெட் என்று நிரூபிக்க ஒரு சாட்சியும் இல்லை என்று ஃபாலெட் எழுந்து சொன்னார். சபை ஒப்புக்கொண்டது. பிரபுக்கள் ஒவ்வொருவராக எழுந்து நெஞ்சில் கை வைத்து, என் கௌரவத்தின் மீது ஆணையாகக் குற்றவாளி அல்ல என்றார்கள். கிளீவ்லண்ட் கோமகன் மட்டும், சட்டப்படி குற்றவாளி அல்ல என்று ஒரு சொல்லைச் சேர்த்துச் சொன்னார். அந்த ஒரு சொல்லுக்காக அவருக்கு ஒரு கும்பிடு.

ஒரு சாட்சியைக் கூடுதலாக அழைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் பிழை இது. என் பணிக்காலத்தில், தகப்பனார் பெயரின் முதலெழுத்து மாறிப்போனதால் ஒரு வண்டிக்காரரின் இழப்பீட்டு மனு எட்டு மாதம் தள்ளிப்போனதை இந்தக் கையாலேயே பதிந்திருக்கிறேன். அவரும் ஒவ்வொரு வாய்தாவுக்கும் மதிய உணவைத் தூக்குவாளியில் கட்டிக்கொண்டு வந்து காத்திருப்பார். முதலெழுத்துப் பிழை ஏழையைக் கட்டிப்போடும், பிரபுவை அவிழ்த்துவிடும்.

வேம்படி கேட்ட கேள்விக்கு இதில் ஒரு குறிப்பு இருப்பதாக நினைக்கிறேன். கார்டிகன் துப்பாக்கிக்கு முன்னால் நிற்க ஒருபோதும் அஞ்சியவர் அல்ல. இளவயதில் ஜான்ஸ்டன் என்பவரின் மனைவியோடு வாழத் தொடங்கி, அந்தக் கணவர் நஷ்டஈட்டு வழக்கில் வென்றபோது, வேண்டுமானால் துவந்த யுத்தத்துக்கும் வருகிறேன் என்று வலியப் போய்ச் சொல்லியனுப்பியவர். உடல் தைரியத்துக்குக் குறைவே இல்லை. அதற்கு அப்பால் ஏதேனும் தேவைப்படும்போதுதான் கை வெறுமையாகிவிடுகிறது.

கோட்டைவாசல்:

பெஞ்ச் கிளார்க் ஐயாவின் கடைசி வாக்கியத்தைப் படித்த பிறகு, நான் எழுதியதைத் திரும்பப் பார்த்தேன். ஒன்றை நானே ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதே அக்டோபர் 25 காலையில், லைட் பிரிகேடின் தாக்குதலுக்கு முன்பு, ஜெனரல் ஸ்கார்லெட் தலைமையில் ஹெவி பிரிகேட் என்ற கனரகக் குதிரைப்படை அணி, தன்னைவிடப் பன்மடங்கு பெரிய ரஷ்யக் குதிரைப்படையை மேட்டை நோக்கி ஏறித் தாக்கிச் சிதறடித்தது. சில நூறு கஜ தூரத்தில் லைட் பிரிகேட் சும்மா நின்று பார்த்தது. குலைந்து ஓடும் எதிரியின் விலாவில் இப்போதே பாயலாம் என்று 17ஆவது லான்சர்ஸின் கேப்டன் மாரிஸ் மன்றாடியதாகவும், கார்டிகன் மறுத்ததாகவும் மாரிஸ் பின்னர் சொன்னார். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்றார் கார்டிகன். பேச்சு நடந்ததோ இல்லையோ, படை நகரவில்லை. இந்த இடத்தைக் காத்து நில் என்பது தமக்கு வந்த உத்தரவு என்று அவர் விளக்கினார். தம்மை நோக்கி வருகிறவர்களைத் தாக்கலாம் என்றும் சொல்லியிருந்ததாக லூக்கன் மறுத்தார்.

படையில் இப்படிப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எழுத்தில் வந்ததை உயிரைக் கொடுத்துச் செய்வார்கள். எழுத்தில் வராததைக் கண் முன்னால் நடந்தாலும் செய்ய மாட்டார்கள். அணிவகுப்பு மைதானத்தில் இவர்களுக்கு நிகர் கிடையாது. கார்டிகனின் 11ஆவது பிரிவும் அப்படித்தான். 1840இல் ஆல்பர்ட் இளவரசரை டோவரிலிருந்து அழைத்து வந்து, அவர் பெயரையே பெற்று, செர்ரிப்பழ நிறக் காற்சட்டையோடு லண்டனை அசத்திய பிரிவு அது. வீரர்களின் உடைக்கு ஆண்டுதோறும் தம் சொந்தப் பணத்தில் ஆயிரக்கணக்கான பவுன் செலவழித்தார் என்பார்கள்.

ஆனாலும், திரும்பி வந்ததைக் கோழைத்தனம் என்று சொல்வதை இன்னும் ஏற்கவில்லை.

பழுப்பேடு:

கோழைத்தனம் என்று யாரும் இங்கே சொல்லவில்லை, கோட்டைவாசல் அண்ணா. சொன்னவர் ஒருவர் அப்போது இருந்தார். ராக்லனின் உதவியாளராக இருந்த கால்தார்ப் என்ற அதிகாரி, கார்டிகனின் குதிரை மிரண்டு பீரங்கிகளை எட்டும் முன்பே திரும்பிவிட்டதாக அச்சில் எழுதினார். கார்டிகன் 1863இல் அவர்மேல் அவதூறு வழக்குக்கு அனுமதி கேட்டு நீதிமன்றம் போனார். ஆண்டுகள் பல கடந்து வந்ததால் மனு ஏற்கப்படவில்லை. ஆனால் அவர் பீரங்கிகளுக்குள் புகுந்ததை நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்கள் அங்கே பதிவாயின. எனவே அந்தப் பழி நிற்காது.

நிற்கும் பழி ஜார்ஜ் பாஜெட் பிரபுவுடையது. அவர் 4ஆவது லைட் டிராகூன் பிரிவின் தலைவர். பின்வரிசை அவர் பொறுப்பு. புறப்படுவதற்கு முன் கார்டிகன் அவரிடம் வந்து, உங்கள் முழு ஆதரவை எதிர்பார்க்கிறேன், முழு ஆதரவை, என்று அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார். பாஜெட் வாயில் சுருட்டோடு கிளம்பினார். சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தம் ஆட்களைப் பீரங்கிகள் வரை கொண்டுபோனார். அங்கே போய்ப் பார்த்தால் ஆதரவு கேட்டவரைக் காணவில்லை. 11ஆவது பிரிவின் கர்னல் டக்ளஸோடு சேர்ந்து, எஞ்சியிருந்தவர்களைத் திரட்டி, பின்னால் வழி மறித்த ரஷ்ய ஈட்டி வீரர்களைக் கடந்து, பள்ளத்தாக்கு முழுவதையும் திரும்ப நடந்தார். வந்து சேர்ந்ததும் எதிரில் கார்டிகன், அமைதியாக. நீங்கள் அங்கே வரவில்லையா என்று பாஜெட் கேட்டுவிட்டார். வராமலா, என்று சொன்ன கார்டிகன் பக்கத்தில் இருந்த கேப்டன் ஜெனின்ஸைக் கூப்பிட்டு, என்னைப் பீரங்கிகளிடையே பார்த்தீர்களா இல்லையா என்று சாட்சி கேட்டார். ஜெனின்ஸ் பார்த்ததாகச் சொன்னார்.

அந்தக் காட்சியை யோசித்துப் பாருங்கள். சற்று முன் கிட்டத்தட்ட 110 பேர் இறந்திருக்கிறார்கள், 160 பேருக்கு மேல் காயம், குதிரைகளில் பாதிக்கு மேல் போய்விட்டது. முதல் ஆள்கணக்கில் குதிரையோடு நின்றவர்கள் 195 பேர். பிரிகேடின் தலைவருக்கு அப்போது தேவைப்பட்டது, தாம் போனதற்கு ஒரு சாட்சி.

சாதாரண வீரர்களோடு கலந்து கைகலப்பில் ஈடுபடுவது தளபதியின் வேலையல்ல என்று அவர் பின்னர் சொன்னார். சரி, கைகலக்க வேண்டாம். இரண்டாம் வரிசை எங்கே என்றாவது பார்த்திருக்கலாமே.

மழைக்காகம்:

திரும்பி வந்த கார்டிகன் முதலில் பேசியது எதைப் பற்றி என்று யாரும் எழுதவில்லை. நோலனைப் பற்றி. தாக்குதல் தொடங்கிய சில நொடிகளில் நோலன் வரிசையை மீறி, கார்டிகனுக்குக் குறுக்கே வாளை அசைத்துக் கத்திக்கொண்டு பாய்ந்தார். திசை தவறு என்று சொல்ல முயன்றாரா, இன்னும் வேகமாகப் போகத் தூண்டினாரா என்பதை இன்றுவரை விவாதிக்கிறார்கள். அடுத்த கணமே குண்டுச் சிதறல் நெஞ்சில் பாய்ந்து இறந்தார். ஒன்றேகால் மைல் போய், ஒன்றேகால் மைல் திரும்பி வந்த பிறகும் கார்டிகன் மனத்தில் எரிந்தது, ஒரு கேப்டன் தமக்கு முன்னால் குதிரை ஓட்டியதும் பெண்பிள்ளை போல அலறியதும்தான். ஸ்கார்லெட் இடைமறித்து, இறந்துபோனவரின் உடலைத் தாண்டித்தான் நீங்கள் இப்போது வந்தீர்கள் என்று சொல்லி வாயை அடைக்க வேண்டியிருந்தது. அதே கறுப்புப் புட்டி மனிதர்தான், இடம் மட்டும் மாறியிருக்கிறது.

அன்றிரவு பலாக்லாவா துறைமுகத்தில் நின்ற தம் சொந்த உல்லாசப் படகான டிரையாடுக்குப் போய்விட்டார். அக்டோபர் நடுவிலிருந்தே இரவில் அங்கேதான் படுக்கை. பிரிகேட் கூடாரத்தில், தலைவர் படகில்.

என் பெரிய குற்றச்சாட்டு பலாக்லாவாவைப் பற்றியதே அல்ல. அதற்குப் பின் வந்த வாரங்களைப் பற்றியது. முகாம் துறைமுகத்திலிருந்து சில மைல் தூரத்தில் மேட்டுநிலத்துக்கு மாறியது. வழி சேறாகிவிட்டது. துறைமுகத்தில் தீவனம் கிடந்தது. மேலே குதிரைகள் பட்டினி கிடந்தன. பசி தாங்காமல் ஒன்றின் வாலையும் பிடரியையும் மற்றொன்று தின்றது. தாக்குதலில் தப்பிய குதிரைகள் நின்ற இடத்திலேயே செத்தன. 1856இல் சர் ஜான் மெக்நீலும் கர்னல் டல்லாக்கும் தந்த விசாரணை அறிக்கை கார்டிகன், லூக்கன் இருவர் பெயரையும் சொல்லிக் குறை கூறியது. உடனே செல்சியில் தளபதிகள் குழு ஒன்று கூடி எல்லோரையும் குற்றமற்றவர்கள் என்று கழுவிவிட்டது. பெஞ்ச் கிளார்க் ஐயா இதையும் தம் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்ளலாம்.

கார்டிகன் அதற்குள், 1854 டிசம்பரிலேயே, உடல்நலக் குறைவைச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

பெஞ்ச் கிளார்க்:

சேர்த்துக்கொண்டேன். முன்பு கூச்சலிட்ட அதே மக்கள் 1855 ஜனவரியில் அவரைக் கொண்டாடினார்கள் என்பதையும் சேர்க்கிறேன். விண்ட்சர் அரண்மனையில் ராணிக்கு நேரில் கதை சொன்னார், லண்டன் மாநகர விருந்தில் பேசினார், சர் பட்டத்துக்குரிய விருதும் குதிரைப்படையின் தலைமை ஆய்வாளர் பதவியும் பெற்றார். கம்பளிச் சட்டை அந்தப் புகழில் விற்றதுதான். இதில் இன்னொரு வேடிக்கை: ஒரே போரிலிருந்து ராக்லன் சட்டைக்கை, கார்டிகன், பலாக்லாவா தொப்பி என்று தையற்கடைக்கு மூன்று பெயர் கிடைத்திருக்கிறது.

கோட்டைவாசல்:

குதிரைகள் பட்டினி கிடந்ததைப் பற்றி மழைக்காகம் தம்பி எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை. தம் ஆளுக்கும் மிருகத்துக்கும் சோறு போய்ச் சேர்ந்ததா என்று பார்த்த பிறகுதான் அதிகாரி உண்ண வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த பாடம். இந்த ஒரு கணக்கில் நான் அவருக்காக வாதாட வரமாட்டேன். தாக்குதலைப் பொறுத்தவரை என் கருத்தில் மாற்றமில்லை: போகச் சொன்னார்கள், போனார்.

வேம்படி:

அனைவருக்கும் நன்றி. தலைப்பில் கேட்டதற்கு என் விடை சற்று மாறியிருக்கிறது. கடமை தவறினார் என்று எழுதியிருந்தேன். அவர் தம் கடமை என்று நினைத்த பகுதியை ஒரு குறையும் இல்லாமல் செய்திருக்கிறார் என்றே இப்போது சொல்வேன். முன்னால் போவது அவருடைய வேலை. போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்தது. பின்னால் வந்தவர்கள் பாஜெட்டின் வேலை, தீவனம் வேறு யாருடைய வேலையோ. 6,175 பவுன் கொடுத்து வாங்கும் பதவியில் இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பழுப்பேடு ஐயா சொன்ன கடையை, போர்த்துறை அமைச்சர் கார்ட்வெல் 1871இல் அரச ஆணை பெற்று மூடினார். கார்டிகன் இறந்து மூன்று ஆண்டு கழித்து.

1868 மார்ச் மாதம் டீன் பார்க்கில் குதிரையிலிருந்து விழுந்த கார்டிகன், 28ஆம் தேதி இறந்தார். 70 வயது. வாரிசு இல்லாததால் பட்டம் உறவினரான எய்ல்ஸ்பரி பிரபுவிடம் போனது. ரொனால்டு பலாக்லாவாவிலிருந்து பத்திரமாக வீடு திரும்பிய குதிரை. அதன் தலையைப் பதம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் இன்றும் அந்த மாளிகையில் வைத்திருக்கிறார்கள். தீவனமில்லாமல் செத்த மற்ற குதிரைகளின் பெயர்களைத் தேடிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.